நெய்வேலிச் சாம்பல் சுவரான கதை

சிதம்பரத்தில் வீடு கட்டும் இடங்களில் இன்று சிவப்புக் கல்லோடு சாம்பல் நிறக் கல்லும் லாரியிலிருந்து இறங்குகிறது. அந்தச் சாம்பலின் பிறப்பிடம் பக்கத்து நெய்வேலி. அங்கே 1962 முதல் பழுப்பு நிலக்கரி எரிகிறது. மின்சாரம் கம்பியேறிப் போய்விடும்; மாவு போன்ற சாம்பல் தங்கிவிடும். புகைபோக்கிக்கு முன்னால் மின்னூட்டத் தகடுகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அதன் பிறகு அனல்மின் நிலையச் சாம்பலுக்கு அப்போது தெரிந்த வழி, கொட்டிவைக்கும் குட்டைதான். 1996-97இல் நாடு முழுவதும் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை.

மறுபக்கம், செங்கல் சூளைகள் விளைநிலத்தின் மேல்மண்ணை வெட்டிச் சுட்டுக்கொண்டிருந்தன. 1999 செப்டம்பர் 14 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஆணை இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியது. அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்பவர்கள் மண்ணோடு 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும் என்றது. மின் நிலையம் பத்தாண்டுகளுக்குச் சாம்பலை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. சிதம்பரமும் கடலூரும் அந்த வட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. 2003இல் வட்டம் 100 கிலோமீட்டராக விரிந்தது.

இலவசம் மட்டும் போதாது என்பதை அந்த ஆணை உணர்ந்திருந்தது. பொதுப்பணித் துறை, வீட்டு வசதி வாரியம் போன்றவை தங்கள் கட்டுமான விதிகளிலேயே சாம்பல் பொருள்களைச் சேர்க்கச் சொன்னது. என் பார்வையில் உயிர்நாடி அதுதான். எஸ்டிமேட்டில் எழுதப்படாத கல்லை எந்தப் பொறியாளரும் துணிந்து வாங்கமாட்டார். சாம்பல்-சுண்ணாம்புக் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 12894 என்று தனி எண்ணே கொடுத்தது. அரசு வேலையில் பில் பாஸாக அந்த எண் வேண்டும்.

கல் அறுக்கும் பட்டறையில் சாம்பலோடு சுண்ணாம்பு, ஜிப்சம், கிரஷர் தூள், தண்ணீர் சேர்ந்து அச்சில் அழுந்துகின்றன. பிறகு நாள்கணக்கில் தண்ணீர் தெளித்தால் கல் இறுகிவிடும்; சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். நெய்வேலிச் சாம்பலில் இயல்பாகவே சுண்ணாம்புச் சத்து கூடுதல்.

அதே அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31 ஆணை விதியை இன்னும் இறுக்கியது: பயன்படாத சாம்பலுக்கு மின் நிலையம் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும். ஆனால் தாழ்ந்த நிலத்தையும் கைவிட்ட சுரங்கக் குழியையும் நிரப்புவதும் பயன்பாட்டுக் கணக்கில் ஏறிவிடுகிறது. குழியில் கொட்டிய டன்னும் சுவரில் ஏறிய டன்னும் ஒன்றல்ல. கல்லாக விற்றதற்குத் தனிக் கணக்கு, அரசுக் கட்டடங்களில் அதற்குக் கட்டாயப் பங்கு: இரண்டையும் அடுத்த ஆணை கேட்க வேண்டும்.