‘எனக்கு’ எல்லா இடத்திலும் ‘ஐ’ ஆகாது

நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்வி ஒருவருக்கு விளங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘எனக்கு விளங்கிறது கஷ்டமாக் கிடக்கு’ என்று மனதில் ஓடுவதை அவர் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்கிறார்: “ஐ ஆம் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்.”

இலக்கணப்படி இந்த வாக்கியத்தில் பிழை இல்லை. சிக்கலே அதுதான். கேட்பவருக்கு அதன் பொருள், ‘நான் சொல்வதை மற்றவர்கள் விளங்கிக்கொள்வது கஷ்டம்’ என்பது. உடைந்த ஆங்கிலம் என்றால் எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்பார். சரியான வாக்கியம் தலைகீழான பொருளைத் தரும்போது அவருக்குக் கேட்கத் தோன்றாது. சொல்லியிருக்க வேண்டியது: “இட் இஸ் டிஃபிகல்ட் ஃபோர் மீ டு அண்டர்ஸ்டாண்ட்.”

பிழை எங்கிருந்து வருகிறது?

தமிழில் பசி, விருப்பம், விளக்கம், வசதி எல்லாம் ‘கு’ உருபோடு ஆளிடம் வந்து சேருகின்றன. எனக்குப் பசிக்குது, எனக்குப் பிடிக்கும், எனக்கு விளங்கேல்லை, எனக்கு வசதி. தொல்காப்பியம் தொட்டு நான்காம் வேற்றுமை என்று சொல்லப்படுவது இதுதான். இந்த வாக்கியங்களில் ‘எனக்கு’ எழுவாய் அல்ல. அனுபவம் வந்து சேரும் இடம்.

எழுவாய் இல்லாமலே தமிழ் வாக்கியம் முடியும். ‘குளிருது’, ‘இருட்டுது’ என்றால் போதும். ஆங்கிலத்தில் சாதாரண வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும். சொல்ல ஆள் இல்லாதபோது அந்த இடத்தில் ‘இட்’ வந்து குந்திக்கொள்கிறது. அதை ‘அது’ என்று மொழிபெயர்க்கத் தேவையில்லை. “இட் இஸ் ஹொட்” என்பது வெறும் ‘வெக்கையாக் கிடக்கு’.

மூன்று வகைப் பெயரடைகள்

1. செயலைச் சொல்பவை: டிஃபிகல்ட், ஈசி, நெசசரி, பொசிபிள், கன்வீனியன்ட். கஷ்டமாகவோ வசதியாகவோ இருப்பது செயல்; ஆள் ‘ஃபோர்’ என்பதற்குப் பின்னால் போவார். ‘நாளைக்கு உங்களுக்கு வசதியோ?’ என்பதற்கு “ஆர் யூ கன்வீனியன்ட்?” பொருந்தாது, “இஸ் இட் கன்வீனியன்ட் ஃபோர் யூ டுமோரோ?” என்று கேட்க வேண்டும். ‘எனக்கு வர ஏலாது’ என்பதை “ஐ ஆம் இம்பொசிபிள்” என்று தொடங்கினால், ‘நான் சமாளிக்க முடியாத ஆள்’ என்றாகிவிடும். “ஐ ஆம் அன்ஏபிள் டு கம்” சரி. ‘ஏபிள்’ ஆளுக்கு, ‘பொசிபிள்’ செயலுக்கு.

2. ஆளின் நிலையைச் சொல்பவை: ஹங்ரி, டயர்ட், ஹாப்பி, அஃப்ரெய்ட். ‘எனக்குப் பசிக்குது’ என்பது “ஐ ஆம் ஹங்ரி”. இங்கே ‘எனக்கு’ என்பதை ‘ஐ’ ஆக்குவது சரிவருகிறது. அந்தப் பழக்கம்தான் முதல் வகையிலும் கைவைக்க வைக்கிறது.

3. சோடியாக வருபவை: போரிங் – போர்ட், கன்ஃபியூசிங் – கன்ஃபியூஸ்ட். ‘எனக்கு அலுப்படிக்குது’ என்பது “ஐ ஆம் போர்ட்”. “ஐ ஆம் போரிங்” என்றால், மற்றவர்களை அலுப்படிக்கச் செய்யும் ஆள் நான்.

முதல் வகையில் ஒரு நுட்பம் உண்டு. ‘இந்தப் படிவத்தை நிரப்பிறது சுகம்’ என்பதை “திஸ் ஃபோர்ம் இஸ் ஈசி டு ஃபில்” என்றும் சொல்லலாம். நிரப்பப்படும் பொருள் எழுவாயின் இடத்துக்கு வந்துவிட்டது. மேலே பார்த்த நேர்முகத் தேர்வு வாக்கியத்திலும் இதுவே நடந்தது: அங்கே ‘ஐ’ விளங்கிக்கொள்ளும் ஆள் அல்ல, விளங்கிக்கொள்ளப்பட வேண்டிய ஆள்.

கடிதத்தில் மறைந்திருக்கும் ஆள்

பேசும்போது மட்டுமல்ல, வாசிக்கும்போதும் இது முக்கியம். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. வங்கி, தூதரகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்று ஆங்கிலக் கடிதம் வீட்டுக்கு வரும் வழிகள் பல. “இட் இஸ் நெசசரி டு சப்மிட் த ஒரிஜினல்ஸ்” என்ற வரியில் யார் சமர்ப்பிக்க வேண்டும் என்று இல்லை. ‘ஃபோர்’ இல்லாத இடத்தில் பெரும்பாலும் பொறுப்பு வாசிப்பவருடையது. ஆகவே ‘யாருக்கு?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெயரடையின் எடையையும் பார்க்க வேண்டும். ‘மான்டேட்டரி’ என்றால் கட்டாயம். ‘அட்வைசபிள்’ என்றால் செய்வது நல்லது என்ற ஆலோசனை. “இட் வுட் பி ஹெல்ப்ஃபுல் இஃப் யூ குட் ரிப்ளை பை ஃப்ரைடே” என்பது கெஞ்சுவது போலத் தோன்றும். பல அலுவலகங்களில் அது வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பு என்பதன் மரியாதையான வடிவம்.

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் செமினரி தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால், யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படிப்புக்கு இரு நூற்றாண்டு வயது. இந்தப் பிழையைத் திருத்தத் தேவைப்படுவதோ நமக்குப் பழகிய தமிழ் இலக்கணம். வாயைத் திறக்கும் முன் ஒரு கேள்வி போதும்: கஷ்டமாக இருப்பது நானா, நான் செய்ய வேண்டிய வேலையா? வேலை என்றால் ‘இட்’டில் தொடங்குங்கள்.