ஏழிலைப்பாலையும் பட்டமளிப்பு விழாவும்

பட்டமளிப்பு விழாவைச் சூழலுக்கு இசைவாக நடத்துவது பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் நெகிழிப் புட்டி, பதாகை, செயற்கை இழை அங்கி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. நெகிழியே இடம்பெறாத ஒரு சடங்கும் இதே சிக்கலைச் சந்தித்தது என்பதை வரலாறு காட்டுகிறது.

1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் தோன்றின. குளிர்நாட்டுக்கென உருவான அங்கியும் தொப்பியும் அவற்றின் வழியே இங்கு வந்தன. 1921இல் இரவீந்திரநாத் தாகூர் நிறுவிய விசுவபாரதியில் வேறொரு மரபு உருவானது. பட்டம் பெறுவோர்க்கு ஏழிலைப்பாலையின் இலைக்கொத்தை அளிப்பதே அது. தாகூரின் தந்தை தேவேந்திரநாத் சாந்திநிகேதனில் தியானத்திற்கு அமர்ந்தது இம்மரத்தின் நிழலில்தான்.

இம்மரத்தின் பெயர்களும் ஆராயத்தக்கவை. வடமொழியின் 'சப்தபர்ணி', தமிழின் 'ஏழிலைப்பாலை' இரண்டும் ஒரு கணுவில் வட்டமாக அமையும் இலைகளை எண்ணிப் பிறந்தவை. தமிழில் 'பாலை' என்பது கன்னடத்தில் 'ஹாலே' ஆகும். 'பால்' அங்கே 'ஹாலு' ஆனதைப் போன்ற ஒலிமாற்றம் இது. இரு மொழிகளும் அன்றாடம் கலந்து ஒலிக்கும் அத்திபெலேயில் இவ்வுறவை விளக்க நூல் தேவையில்லை. தாவரவியல் பெயரில் உள்ள 'ஸ்காலரிஸ்', இதன் மரத்தால் பள்ளிச் சிறார்க்கு எழுதுபலகைகள் செய்யப்பட்டதைக் குறிக்கிறது.

கல்விக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் அரிது. ஆயினும் பட்டம் பெறுவோர் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, ஒவ்வொருவர்க்கும் ஒரு கொத்து எனப் பறிப்பது மரங்களுக்கே கேடானது. எனவே அண்மைக் காலத்தில் அனைவர் சார்பிலும் ஒரே இலைக்கொத்து மேடையில் அடையாளமாகக் கைமாறுகிறது.

2010இல் போபாலில் நடந்த பட்டமளிப்பு விழாவில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், காலனியச் சின்னம் என்று கூறி அங்கியைக் களைந்தார். 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு, விழா உடைகளுக்குக் கைத்தறியைப் பயன்படுத்துமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நெசவாளர்க்கு அது நன்மையே. ஆனால் ஒரு நாள் அணிந்து மூலையில் எறியப்படுமாயின் கைத்தறியும் வீண்செலவே. திருப்பிக் கொடுத்துப் பல்லாண்டு பயன்படும் வாடகை அங்கி அதனினும் மேல்.

பொருளை மாற்றினால் மட்டும் போதாது, அளவையும் மாற்ற வேண்டும் என்பதே சாந்திநிகேதன் தரும் பாடம். தனக்கென ஓர் இலை கிடைக்காத மாணவரின் இழப்பு சிறிதன்று. எனினும் அடுத்த ஆண்டும் தளிர்க்க ஒரு மரம் எஞ்சியிருக்க, அவ்விழப்பை ஏற்பதும் கற்றவர் கடமையே.