களப்பும் டொலரும்

நாணய மாற்று வீதத்தை விளங்கிக்கொள்வதற்குப் பொருளியல் மட்டும் போதாது, கொஞ்சம் பௌதிகமும் வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு. நிலாவெளியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இடையில் மணல் இருக்கும்வரை இரண்டின் நீர்மட்டங்களும் வேறுபட்டிருக்கலாம். ஆனால் வேறுபாடு கூடக்கூட மணலின் மீதான அழுத்தமும் கூடும்.

இந்த ஒப்புமை புதியதன்று. நாடுகளுக்கிடையே பணமும் நீரைப் போலத் தன் மட்டத்தைத் தேடும் என்று 1752இல் டேவிட் ஹியூம் வாதிட்டார். 1949இல் பில் பிலிப்ஸ், ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே நீரோடும் இயந்திரமாக இலண்டனில் செய்துகாட்டினார். ஈர்ப்புவிசையை விளக்கிய நியூட்டன் பிரித்தானிய நாணயசாலைக்குத் தலைவராக இருந்தவர். அவரது அறிக்கையை அடுத்து, 1717இல் தங்கக் கினி 21 ஷில்லிங் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த விலையிலும் தங்கத்துக்கு மதிப்புக் கூடுதலாகவே இருந்தது. எனவே வெள்ளி, தனக்குக் கூடிய விலை கிடைத்த நாடுகளை நோக்கித் தொடர்ந்து ஓடியது.

இலங்கையில் 1884 முதல் நாணயச் சபை இருந்தது. வெளியிடும் நோட்டுக்கு ஈடாகக் கையிருப்பு இருக்கவேண்டும் என்பது அதன் விதி. 1950 ஆகஸ்டில் மத்திய வங்கி வந்தபின் அந்தக் கட்டு தளர்ந்தது.

2021 செப்டம்பர் முதல் டொலரை ஏறத்தாழ 203 ரூபாவில் நிறுத்திவைத்தார்கள். வெளியே அதற்குக் கூடிய விலை கிடைத்தது. நீர் அடைத்த வாயை விட்டுத் திறந்த வாயால் போனது: புலம்பெயர்ந்தோர் பணம் உண்டியல் வழியே திரும்பியது. வங்கிகளூடாக 2020இல் வந்தது 710 கோடி டொலர். 2022இல் வந்தது சுமார் 380 கோடி. 2022 மார்ச் 7இல் பிடியைத் தளர்த்தினார்கள். மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தாண்டியது.

மட்டக்களப்பில் மாரி வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். வேளைக்கு வெட்டினால் நீர் அளவோடு வடியும். பிந்தினால் தாழ்ந்த நிலத்துக்குத்தான் முதற் சேதம். இங்கும் அதுவே நடந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. உலகச் சந்தை விலையும் நெடுநாள் மானியமும் அதற்குக் காரணங்களே. ஆனால் ரூபாவின் வீழ்ச்சி அந்தச் சுமையைப் பெருக்கியது. மண்ணெண்ணெயில் ஓடும் படகை நம்பியிருந்த கரையோர மீனவர், டொலரைக் கண்ணால் காணாமலே அதன் விலையைக் கொடுத்தனர்.

பௌதிகம் இங்கே ஓரிடத்தில் தோற்கிறது. நீருக்கு அச்சமில்லை, மனிதருக்கு உண்டு. நாளை அணை உடையும் என்று நினைத்தால் அவர்கள் இன்றே ஓடுவார்கள், அந்த ஓட்டமே அணையை உடைக்கும். ஆகவே மாற்று வீதத்தைக் காப்பவர்கள் நீர்மட்டத்தை மட்டுமன்றி மக்களின் நம்பிக்கையையும் அளந்துகொண்டிருக்க வேண்டும்.