கோட்டுக்காகக் குளிரும் அரங்கு

1927 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த சோல்வே மாநாட்டின் குழுப்படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஐன்ஸ்டைன், நீல்ஸ் போர், பிளாங்க் என மொத்தம் 29 பேர். பெண் ஒரே ஒருவர், மேரி கியூரி. ஆண்கள் அத்தனை பேரும் கோட் போட்டு டை கட்டியிருக்கிறார்கள். அந்த ஊரில் அக்டோபர் என்பது குளிர் தொடங்கிவிடும் மாதம். கம்பளிக் கோட் அங்கே மரியாதைக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் தேவை.

நம்ம ஊரில் அந்தத் தேவை கிடையாது. மலாயாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களே பகலில் பெரும்பாலும் வெள்ளைப் பருத்தி உடையில்தான் நடமாடினார்கள். இன்று ஓர் ஆய்வாளர் கறுப்புக் கோட்டோடு நாள் முழுக்க உட்கார்ந்து கட்டுரை கேட்க முடிகிறது என்றால், காரணம் ஏர்கோன்தான்.

இங்கேதான் என் துறை உள்ளே வருகிறது. உடை எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்று அளக்க 1941-இல் 'கிளோ' என்ற அலகை உருவாக்கினார்கள். 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குச் சுகமாக இருக்கும் உடை ஒரு கிளோ. நடைமுறையில் அது ஆண்களின் கோட் சூட். நீளக்கைச் சட்டையும் சிலுவாரும் சுமார் 0.6 கிளோ, மேலே கோட் போட்டால் ஏறக்குறைய 1. சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனால் இருவரும் ஒரே அளவு சுகமாக இருக்க, அறையின் வெப்பநிலை இரண்டு டிகிரிக்கு மேல் மாற வேண்டும்.

யாருக்காக மாற்றுகிறோம்? மேடையில் இருக்கும் கோட்டுக்காக. பின்வரிசை மாணவி சால்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்குகிறார். அறைச் சுகத்தைக் கணக்கிட டென்மார்க்கின் ஃபாங்கர் 1970-இல் நூலாக வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அந்தக் கணக்கில் போடும் உடல்வெப்ப மதிப்பு ஒரு சராசரி ஆணை வைத்து எடுத்தது, பெண்களுக்கு அது பொருந்தாது என்று 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். ஆக, மாநாட்டில் ஆண் என்ன உடுத்துகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம் மட்டுமில்லை. மின்கட்டணமும் அடுத்தவர் உடம்பும் அதில் இருக்கின்றன.

மாற்ற முடியாதா? ஜப்பான் இரண்டு முறை முயன்றது. 1979 எண்ணெய் நெருக்கடியில் பிரதமர் ஓஹிரா அரைக்கை சூட் போட்டுக் காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை, யாரும் பின்பற்றவில்லை. 2005-இல் அரசு அலுவலகங்களை 28 டிகிரியில் வைக்கச் சொன்னார்கள். பிரதமர் கொய்சுமியே டையைக் கழற்றினார். பழக்கம் நிலைத்துவிட்டது. ஜகார்த்தாவில் இன்னும் முன்பே, 1970-களில், ஆளுநர் அலி சடிக்கின் நீளக்கை பாத்தேக் சட்டையை ஆண்களின் சடங்கு உடையாக ஏற்கவைத்தார். மேலே இருப்பவர் கழற்ற வேண்டும்; பதிலுக்கு அணிவதும் கண்ணியமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நடக்கும்.

நம்மிடம் இரண்டாவது ஏற்கெனவே இருக்கிறது. மலேசிய அழைப்பிதழ்களில் 'லவுஞ்ச் சூட் அல்லது பாத்தேக்' என்றுதான் அச்சடிக்கிறார்கள். ஆனாலும் கட்டுரை வாசிக்கும் இளைஞன் கோட்டைத்தான் தேடுகிறான், இல்லாவிட்டால் இரவல் வாங்குகிறான். அதை நான் கேலி செய்ய மாட்டேன். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கோட் 'நானும் இந்த இடத்துக்காரன்தான்' என்று சொல்லும் நுழைவுச்சீட்டு. அவனைத் தனியாகக் கழற்றச் சொல்வது நியாயமில்லை. யாரும் சந்தேகப்படாத இடத்தில் இருக்கும் மூத்த பேராசிரியர்கள் முதலில் பாத்தேக்கில் வரட்டும்.

கூடவே ஏற்பாட்டாளர்கள் ஒரு காரியம் செய்யலாம். கட்டடங்களுக்கான மலேசியத் தரமான எம்.எஸ். 1525 பரிந்துரைப்பது 24 முதல் 26 டிகிரி. அரங்கை அதில் வைத்துப் பாருங்கள். மதிய உணவுக்கு முன்பே கோட்டெல்லாம் நாற்காலி முதுகுக்குப் போய்விடும்.