சிறு கல்லூரியும் விளையாட்டுக் களமும்: அமெரிக்க அநுபவம் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டு எனின், பல்லாயிரவர் கூடும் அரங்குகளும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் பெரும் ஊதியம் பெறும் பயிற்றுநரும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் அந்நாட்டில் ஆயிரம், இரண்டாயிரம் மாணவரை மட்டுமே கொண்ட சிறு கல்லூரிகள் பல உள்ளன. அவற்றுட் பலவற்றில், விளையாடும் மாணவருக்கு அவ்விளையாட்டின் பொருட்டு ஒரு சதமேனும் வழங்கப்படுவதில்லை. எனினும் அக்கல்லூரிகளின் பயிற்றுநர்கள் ஆண்டுதோறும் பாடசாலைகளை நாடிச் சென்று, ஓடவும் பந்தெறியவும் வல்ல இளைஞரைத் தம் கல்லூரிக்கு அழைக்கின்றனர். இவ்வழைப்பு யாருடைய நன்மையின் பொருட்டு விடுக்கப்படுகிறது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

ஆதியில் தூய்மையாக இருந்த கல்லூரி விளையாட்டிற் பணம் பின்னாளிலேதான் புகுந்தது என்பர் சிலர். இக்கூற்று வரலாற்றோடு பொருந்துவதன்று. அமெரிக்கக் கல்லூரிகளிடை நிகழ்ந்த முதற் போட்டி, 1852 ஆம் ஆண்டு நியூ ஹம்ஷயர் மாநிலத்து வினிப்பசாக்கி ஏரியில் ஹார்வர்ட், யேல் மாணவரிடை நடந்த படகோட்டமாகும். அதன் செலவை ஏற்றது ஒரு புகையிரதக் கம்பனி. உல்லாசப் பயணிகளை அப்பகுதிக்கு ஈர்ப்பதே அதன் நோக்கம். இதற்கு மாறான ஒரு காட்சியை ஏழாண்டுகளின் பின் காண்கிறோம். 1859 ஜூலை 1 ஆம் நாள், அம்ஹேர்ஸ்ட், வில்லியம்ஸ் எனும் இரு சிறு கல்லூரிகளின் மாணவர் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிற்ஸ்பீல்ட் நகரிற் கூடி, கல்லூரிகளிடையே முதலாவது பேஸ்போல் ஆட்டத்தை ஆடினர். அம்ஹேர்ஸ்ட் 73க்கு 32 என வென்றது. மறுநாள் அதே நகரில் இரு கல்லூரியினரும் சதுரங்கத்திலும் பொருதினர். அங்கும் அம்ஹேர்ஸ்டே வென்றது. சிறு கல்லூரிகள் இன்றுவரை தம்மைப் பற்றிக் கூறிவரும் இலட்சியத்திற்கு இவ்விரு நாட்களைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

கட்டுப்பாடு பிறந்த வரலாறும் ஒரு சிறு கல்லூரியோடு தொடர்புடையது. அமெரிக்க உதைபந்தாட்டத்தின் வன்முறை கண்டு 1905 ஒக்டோபரில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் அழைத்துப் பேசியது ஹார்வர்ட், யேல், பிறின்ஸ்ரன் ஆகிய பெருநிறுவனங்களையே. ஆனால் அடுத்த மாதம் நியூயோர்க் பல்கலைக்கழகத்துக்கெதிரான ஆட்டத்தில் யூனியன் கல்லூரி மாணவரொருவர் உயிரிழந்தார். அதன் பின்னரே, அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் மக்கிறாக்கன் கூட்டிய மாநாடுகளின் வழியாக, 1906 இல் ஒரு சங்கம் அமைந்தது. 1910 முதல் தேசிய கல்லூரிகளிடை விளையாட்டுச் சங்கம் என வழங்கப்படுவது இதுவே.

இலட்சியத்துக்கும் நடைமுறைக்கும் இடைப்பட்ட தூரத்தைச் சென்ரர் கல்லூரியின் கதை நன்கு புலப்படுத்தும். கென்டக்கி மாநிலத்து டான்வில் எனும் சிற்றூரிலுள்ள இக்கல்லூரியில் அக்காலத்தில் சில நூறு மாணவரே கற்றனர். 1921 ஒக்டோபர் 29 ஆம் நாள், 1918 இன் பின் தோல்வியே கண்டிராத ஹார்வர்ட் அணியை அதன் சொந்த அரங்கிலேயே இக்கல்லூரி 6க்கு 0 என வென்றது. அவ்வாறு புள்ளிகளை ஈட்டியவர் போ மக்மிலின். பத்திரிகைகள் வியந்தன, டான்வில் மக்கள் அவ்வெண்ணிக்கையைச் சுவரில் எழுதிவைத்தனர். ஆனால் மக்மிலின் அவ்வூரவர் அல்லர். டெக்சாஸில் அவருடைய பாடசாலைப் பயிற்றுநராக இருந்த சென்ரர் கல்லூரிப் பழைய மாணவரொருவரின் தொடர்பினாலேயே அவரும் அவருடைய தோழரும் அங்கு வந்தனர். கல்லூரிக்கு அழியாப் புகழை ஈட்டித் தந்த அவர் பட்டம் பெறாமலே அதை விட்டு நீங்கினார். பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அப்பட்டம் அவருக்குக் கிட்டியது. சுவரெழுத்தைப் போற்றுவோர் இதனையும் சேர்த்து நினைத்தல் தகும். 1929 இல் வெளியான கார்னெகி நிறுவன அறிக்கை, ஆராயப்பட்ட கல்லூரிகளுட் பெரும்பாலானவை விளையாட்டு வீரருக்கு ஏதோ ஒரு வகையில் உதவி செய்தன எனக் காட்டியபோது, அது புதுமையான செய்தியாக இருந்திருக்க முடியாது.

நிற மேலாதிக்கத்தைப் பொறுத்தவரை சிறு கல்லூரிகளின் அமைப்பொன்றே முன்னடி எடுத்துவைத்தது. கன்சாஸ் நகரில் அவை நடத்திய கூடைப்பந்துப் போட்டியில் கறுப்பின வீரருக்கு இடமில்லாதிருந்தமையால், 1947 இல் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியின் பயிற்றுநர் ஜோன் வூடன் அழைப்பை மறுத்தார். அடுத்த ஆண்டு அத்தடை நீங்க, கிளாரன்ஸ் வோக்கர் களமிறங்கினார்.

தேசிய சங்கம் 1956 இல் விளையாட்டுத் திறனுக்கே முழுப் புலமைப்பரிசில் வழங்க இசைந்தது. அதனோடு சிறு கல்லூரிகளாற் போட்டியிட இயலவில்லை. 1973 இல் சங்கம் மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுப் புலமைப்பரிசிலுக்கு இடமில்லை. குடும்பத்தின் பொருள் நிலையும் கல்வித் தகைமையும் நோக்கி ஏனைய மாணவர்க்கு வழங்கப்படும் உதவியே விளையாடுவோர்க்கும் உரியது.

பணபலம் யாது செய்யும் என்பதை இம்மக்குலாற்றா மகளிர் கல்லூரி கண்டுகொண்டது. பிலடெல்பியாவுக்கு அண்மையிலுள்ள இக்கத்தோலிக்கக் கல்லூரியின் உடற்பயிற்சிக்கூடம் 1967 இல் எரிந்து போயிற்று. 1972 இல் முதலாவது தேசிய மகளிர் கூடைப்பந்துப் போட்டிக்கு எட்டு வீராங்கனைகளை அனுப்பவே அதனிடம் பணமிருந்தது. எனினும் சில நாட்களுக்கு முன் தம்மை முப்பத்திரண்டு புள்ளிகளால் தோற்கடித்த வெஸ்ற் செஸ்ரர் அணியையே இறுதியாட்டத்தில் வென்று கிண்ணத்தைப் பெற்றனர். வாளிகளைத் தட்டி அவர்களுக்கு ஆரவாரித்த அருட்சகோதரிகள் அடுத்த ஈராண்டும் அவ்வெற்றியைக் கண்டனர். அதே 1972 இல் நிறைவேறிய கல்விச் சமத்துவச் சட்டமும் 1973 இல் மகளிர்க்கான புலமைப்பரிசில் தடை நீங்கியமையும் நீதியானவையே. ஆனால் அந்நீதியின் பயனாக அரச பல்கலைக்கழகங்களின் பணம் மகளிர் ஆட்டத்தினுட் பாய்ந்ததும், கூடமற்ற கல்லூரி பின்தங்கியது.

அண்மைக் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று எனலாம். 2025 ஜூலை முதல் பெரும் பல்கலைக்கழகங்கள் வீரருக்கு நேரடியாகவே பணம் வழங்க அனுமதி பெற்றுள்ளன. சிறு கல்லூரியிலோ வீரரே கல்லூரிக்குப் பணம் செலுத்துகின்றனர். கட்டண வருவாயை நம்பி வாழும் கல்லூரியொன்று புதிதாக உதைபந்தாட்ட அணியைத் தொடங்கினால், நூறு மாணவர் வரை சேரக்கூடும். இவ்வாறு பயிற்றுநர் ஒருவகையில் சேர்க்கை அலுவலராகவும் மாறிவிட்டார். அழைக்கப்படும் மாணவன் தன் திறமைக்குக் கிடைத்த மதிப்பாக அதனைக் கருதுகிறான். கல்லூரியின் கணக்கேட்டில் அவன் ஒரு கட்டணத் தொகை. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும் என்பதே இதிலுள்ள சிக்கல்.

அலபாமா மாநிலத்தில் 1856 இல் வேரூன்றிய பேர்மிங்ஹாம்-சதேர்ன் கல்லூரி, செலவைக் குறைக்கும் பொருட்டு 2006 இல் முதற் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்குச் செல்லத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டே உதைபந்தாட்டத்தையும் தொடங்கியது. எனினும் கடன் சுமை நீங்கவில்லை. 2024 மே 31 ஆம் நாள் கல்லூரி மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்போல் அணி ஒகையோ மாநிலத்தில் மூன்றாம் பிரிவின் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அன்று தோற்ற அணி மறுநாள் வென்றது. ஜூன் 2 ஆம் நாள், 11க்கு 10 எனும் கணக்கில் மீண்டும் தோற்று வெளியேறியது. பட்டம் பெறாதிருந்த வீரர்கள் கல்வியைத் தொடர வேறு கல்லூரிகளை நாட வேண்டியவராயினர்.