காட்டுப்பள்ளியும் கருத்துக்கேட்புக் கூட்டமும்

கடலோரத்தில் துறைமுகம் கட்ட நிலமும் பணமும் போதாது. சுற்றுச்சூழல் அனுமதி வரும்வரை வேலையைத் தொடங்க உரிமையில்லை. 1994 ஜனவரி அறிவிக்கை இதை இந்தியாவில் கட்டாயமாக்கியது. திட்டம் வரும் ஊராரைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை 1997இல் சேர்ந்தது. இப்போது நடப்பில் உள்ளது 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட அறிவிக்கை.

அதன்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டம் பற்றி முப்பது நாள் அவகாசம் தந்து நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமை வகிப்பார். பேச்செல்லாம் வீடியோவில் பதிவாகும். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக்காட்டி, தலைமை வகித்தவர் அன்றே கையொப்பமிட வேண்டும். இத்தனை கறாரான விதி, வருகைக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை எதையும் வைக்கவில்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். மக்கள் சம்மதமும் தேவையில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்றாலும், எழுந்த ஆட்சேபங்களுக்கு நிறுவனம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் இறுதி அறிக்கையில் பதில் எழுதினால், ஒன்றிய அமைச்சகம் அனுமதி தரலாம்.

சென்னைக்கு வடக்கே, எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே, கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. எல் அண்டு டி நிறுவனம் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவுடன் சேர்ந்து தொடங்கிய கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் 2009இல் அனுமதி பெற்றன. 2018இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அடுத்து வந்தது 330 ஏக்கரை 6,111 ஏக்கராக்கும் விரிவாக்கத் திட்டம். கடலில் சுமார் 2,000 ஏக்கரைத் தூர்ப்பதும் அதில் அடக்கம். அலை திசைமாறி மணல்திட்டை அரித்தால் பழவேற்காட்டு ஏரியும் கடலும் ஒன்றாகிவிடும் என்று மீனவர்கள் அஞ்சினார்கள்.

விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021 ஜனவரி 22 என்று குறிக்கப்பட்டு, கொரோனாவால் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5க்கு மறுபடி நாள் குறித்தார்கள், அன்றும் நடக்கவில்லை. கருத்துச் சொல்லக் கிடைத்த மேடையையே மீனவர்கள் ரத்து செய்யச் சொன்னது வெளியாருக்கு விந்தையாகப் பட்டிருக்கலாம். ஆனால் கூட்டம் நடந்துவிட்டால், என்ன பேசியிருந்தாலும், நிபந்தனை நிறைவேறிவிடும் என்பது கரையோரத்தில் தெரிந்த சங்கதி. நடக்காதவரை இறுதி அறிக்கை தயாராகாது. அது இல்லாமல் அமைச்சகத்தின் நிபுணர் குழு அனுமதிக்குப் பரிந்துரைக்காது. விதியில் ஒரு புறவாசலும் உண்டு: உள்ளூர் நிலவரம் இடந்தரவில்லை என்று வாரியமே எழுதிக்கொடுத்தால், கூட்டம் இல்லாமலே மேற்கொண்டு போக அமைச்சகம் முடிவெடுக்கலாம்.