குழையும் வெட்டுக்கத்தியும்

மாசியில் குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ அறுவடை. அதே நாட்களில் மேலே மலையில் புல் காய்ந்து, சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். மழை குறைந்த ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சரிவுகளில் அணையாத ஒரு பீடித்துண்டு போதும்.

தீயணைப்பு வண்டி தார்ச்சாலை முடிகிற இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் ஏறுபவர்கள் வனக் காவலர்களும் அடிவாரத்து ஊர்க்காரர்களும். பேச்சிப்பாறைக்கு மேலே என்றால் காணிக்காரப் பழங்குடியினர்.

காணிக்காரர்களுக்குத் தீ பழகிய ஆயுதம். காட்டை வெட்டி, உலரவிட்டு, எரித்து, சாம்பலில் விதைத்துவிட்டுச் சில ஆண்டுகளில் இடம் மாறுவது அவர்களின் பழைய வேளாண்மை. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் இது பதிவாகியிருக்கிறது. எந்தக் காற்றில் எரிக்கலாம், எங்கே சருகை வழித்தெடுத்தால் தீ தாண்டாது என்பதெல்லாம் அந்தத் தொழிலோடு வந்த அறிவு. அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசுக்கோ காடு என்றால் தேக்கும் வருமானமும். கொல்லம் ஆண்டு 1068-இல் (1892-93) வந்த வனச் சட்டத்தின் கீழ், காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம்.

பிரிட்டிஷ் இந்தியாவின் வனச் சட்டங்கள் இன்னொன்றையும் சேர்த்தன. காட்டில் மேய்க்கவோ விறகெடுக்கவோ அனுமதி பெற்றவர் தீயைக் கண்டால் தகவல் சொல்ல வேண்டும், அணைக்கவும் வர வேண்டும். 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு இதைக் கடமை என்றே வகுத்தது. எரிக்கக் கூடாது, எரிந்தால் ஓடி வர வேண்டும்!

1956 நவம்பர் 1-இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. பின்னர் அதன் காடுகளில் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயமானது. தீயோடு மல்லுக்கட்டும் முறை மட்டும் பெரிதாக மாறவில்லை. கோடைக்கு முன்பே வெட்டுக்கத்தியால் புதரை வெட்டி, சருகைக் கூட்டித் தள்ளித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். தீ வந்துவிட்டால் பச்சைக் குழையை ஒடித்து அடிப்பார்கள். ஓங்கி அடித்தால் பொறி பறந்து புது இடத்தில் பற்றும். அதனால் குழையைத் தீயின் மேல் அழுத்தி, எரிந்து முடிந்த பக்கமாக இழுக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் கோட்டிலிருந்து எதிர்த்தீ வைப்பது. பழைய எரிப்பு வேளாண்மையின் நுட்பம் இங்கே அணைப்புக்குப் பயன்படுகிறது.

தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றக் குழு தீயில் சிக்கியபோதும் முதலில் மேலே போனவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். போர்வையில் தூளி கட்டி, காயம்பட்டவர்களை இருட்டில் சுமந்து இறக்கினார்கள். அப்படியும் இறந்தவர்கள் 23 பேர். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்துத் தேசமங்கலம் அருகே தீயை அணைக்கப் போன மூன்று வனக் காவலர்கள் திரும்பவில்லை.

இப்போது இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் எச்சரிக்கை அலைபேசிக்கே வந்துவிடுகிறது. தகவல் கிடைத்ததும் மலையேறுபவர்களில், தீக்காலத்துக்கு மட்டும் கூலிக்கு எடுக்கப்படும் தற்காலிகக் காவலர்களும் உண்டு. மழை பிடித்ததும் அவர்களுடைய வேலை முடிந்துவிடும்.